பிள்ளை ஏன் பாடசாலைக்கு வரவில்லை? கண்டி மலைப்பகுதியிலிருந்து ஓர் ஆலோசனை ஆசிரியரின் குறிப்புகள்

ஒரு பிள்ளை ஒரே நாளில் பாடசாலையை விட்டு விலகுவதில்லை. முதலில் திங்கட்கிழமைகளில் வராது. பிறகு வெள்ளிக்கிழமைகளும் குறையும். பரீட்சை வாரத்தில் வயிற்றுவலி வரும். தவணை விடுமுறை முடிந்து எல்லோரும் வந்த பின்னர் ஒரு வாரம் தாமதித்து வரும். கடைசியில் ஒருநாள், அந்தப் பிள்ளையின் பெயரை வகுப்பில் கூப்பிட்டால் மற்றப் பிள்ளைகளே "அவ இனி வரமாட்டா டீச்சர்" என்று பதில் சொல்வார்கள். அந்த நாளைத்தான் நாம் இடைவிலகல் என்று கணக்கில் எழுதுகிறோம். உண்மையில் விலகல் தொடங்கி ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும்.

நான் கண்டி மாவட்டத்தின் தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றில் கற்பித்தலோடு வழிகாட்டல் ஆலோசனைப் பொறுப்பையும் பார்த்து வருகிறேன். எங்களிடம் வரும் பிள்ளைகளில் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், நகரத்தில் சிறு கடை வைத்திருப்போரின் பிள்ளைகள், வடக்கிலிருந்து யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் என எல்லோரும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வரும் பிள்ளைகளின் விபரங்களை, அவர்களை அடையாளம் காண முடியாதபடி மாற்றியே எழுதுகிறேன்.

வடக்கு கிழக்கில் இருக்கும் வாசகருக்குக் கண்டிப் பிள்ளையின் வரவு தூரத்து விடயமாகத் தோன்றலாம். ஆனால் 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சென்று குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. யுத்தத்தின் கடைசி நாட்கள் வரை அங்கே அகப்பட்டிருந்தவர்களில் அவர்களும் அடங்குவர். இடம்பெயர்வு, வறுமை, இழப்பு மூன்றும் ஒரு பிள்ளையின் வரவை எப்படிச் சிதைக்கின்றன என்பது கண்டியிலும் கிளிநொச்சியிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 1997இல் வர்த்தமானியில் வெளியிடப்பட்டு 1998 முதல் நடைமுறைக்கு வந்தன. அப்போது 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் பாடசாலை செல்வது கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அந்த வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. 2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 14இலிருந்து 16 ஆக்கப்பட்டது. பாடசாலையை விட்டு வந்த 14 வயதுப் பிள்ளையை வீட்டு வேலைக்கு அனுப்பச் சட்டத்தில் இருந்த வாசல் இப்படி இரண்டு பக்கமும் மூடப்பட்டது.

ஆனால் அதே 2021 ஜூலையில், டயகம பகுதியிலிருந்து கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டுக்கு வேலைக்குச் சென்ற 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு உயிரிழந்தார். அந்தச் செய்தி வந்த நாட்களில் மலையகம் எங்கும் நீதி கேட்டு மக்கள் வீதிக்கு வந்தார்கள். நான் அப்போது யோசித்தது வேறொன்றையும் சேர்த்துத்தான். எங்கள் வரவுப் பதிவேடுகளில் இப்போது வராமல் இருக்கும் பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் இதே பாதையின் தொடக்கத்தில் நிற்கிறார்கள்? பாடசாலைக்கு ஒழுங்காக வரும் பிள்ளையைத் தரகர் தேடி வருவதில்லை. வீட்டில் இருக்கும் பிள்ளையைத்தான் தேடி வருகிறார்.

சட்டம் பெற்றோருக்குப் பொறுப்பைச் சொல்கிறது. பிள்ளை ஏன் வரவில்லை என்பதைச் சட்டம் கேட்டுக்கொண்டிருக்காது. அதைக் கேட்க ஒரு மனிதர் வேண்டும். ஆலோசனை ஆசிரியரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

எண்களை எப்படிப் பார்ப்பது?

எந்தப் பாடசாலையிலும் சராசரி வரவு எவ்வளவு என்று கேட்டால் உடனே ஒரு வீதத்தைச் சொல்வார்கள். "எங்களுக்கு 90 வீதம், பரவாயில்லை" என்பார்கள். அந்த 90க்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாளாந்தம் 36 பேர் வந்தால் வரவு 90 வீதம். அது இரண்டு விதமாக அமையலாம். 40 பேரும் மாறி மாறிப் பத்து நாளைக்கு ஒருநாள் வராமல் இருக்கலாம். அல்லது 32 பேர் எல்லா நாளும் வந்து, மீதி 8 பேர் பாதி நாட்கள் மட்டுமே வரலாம். இரண்டிலும் சராசரி ஒன்றுதான். இரண்டாவது வகுப்பில் 8 பிள்ளைகள் வருடத்தில் 100 நாட்களை இழக்கிறார்கள். அதிபரின் மேசைக்குப் போகும் அறிக்கையில் அந்த 8 பேரும் தெரியமாட்டார்கள்.

ஆகவே வகுப்பின் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையின் நாட்களையும் எண்ண வேண்டும். அமெரிக்காவில் இதற்காகப் பரவலாகப் பயன்படும் அளவுகோல் ஒன்று உண்டு: நடைபெற்ற பாடசாலை நாட்களில் 10 வீதத்துக்கு மேல் ஒரு பிள்ளை வராவிட்டால், காரணம் நோயாக இருந்தாலும் சரி, அனுமதி பெற்ற லீவாக இருந்தாலும் சரி, அந்தப் பிள்ளையைக் கவனிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். எங்கள் பாடசாலை வருடம் ஏறத்தாழ 200 நாட்கள். அதில் 10 வீதம் 20 நாட்கள். மாதத்துக்கு இரண்டு நாள் என்ற அளவுதான். எந்தப் பெற்றோரும் அதைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள். ஆனால் தரம் 6 முதல் 11 வரை அந்த வேகத்தில் போனால் 120 நாட்கள். அரை வருடத்துக்கு மேலான படிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்றுவதற்கு 80 வீத வரவு வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அதனால் 80 என்பதே நல்ல வரவு என்ற எண்ணம் பதிந்துவிட்டது. 200 நாட்களில் 80 வீதம் என்றால் 40 நாட்கள் இல்லை. எட்டு வாரங்களுக்கான பாடங்களை அந்தப் பிள்ளை கேட்கவே இல்லை.

எண்ணிக்கையோடு எந்த நாட்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் சம்பள நாளும் அதற்கு மறுநாளும், தோட்டத்துக் கோயில் திருவிழா வாரம், கடும் மழை நாட்கள், வெள்ளிக்கிழமைகள் ஆகியவற்றில் வரவு குறையும். இவை ஊர் முழுவதற்கும் பொதுவானவை. ஒரு பிள்ளை மட்டும் ஒவ்வொரு செவ்வாயும் வரவில்லை என்றால் அது அந்தப் பிள்ளையின் கதை. செவ்வாயின் நேரசூசியை எடுத்துப் பார்த்தால் பாதி விடை அதிலேயே இருக்கும்.

மூன்று விதமான வராமை

வராத பிள்ளைகள் எல்லோரையும் ஒரே பெயரில் "ஒழுங்கீனம்" என்று அழைப்பதுதான் நாங்கள் காணும் முதல் தடை. என் அனுபவத்தில் அவர்கள் மூன்று வகையினர்: வர முடியாத பிள்ளை, வர விரும்பாத பிள்ளை, அனுப்பப்படாத பிள்ளை. மூவருக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, வர முடியாத பிள்ளை. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, பன்வில, மடுல்கலை, ரங்கலை போன்ற பகுதிகளில் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து பிரதான வீதிக்கு வரவே நெடுநேரம் நடக்க வேண்டியிருக்கும். காலை பஸ் தவறினால் அடுத்தது பாடசாலை தொடங்கிய பின்னர்தான். நனைந்த சப்பாத்து மறுநாள் காயாது. இரண்டாவது சோடி சீருடை இல்லாத பிள்ளைக்கு மழைக்காலம் முழுவதும் லீவுதான். பெரிய பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கழிப்பறையில் தண்ணீர் இல்லாவிட்டால் மாதத்தில் மூன்று நான்கு நாட்கள் நிச்சயம் போய்விடும். 

தரம் 7இல் படித்த ஒரு பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வராமல் இருந்தாள். வகுப்பாசிரியர் இரண்டு முறை கடிதம் அனுப்பியிருந்தார். நான் லயத்துக்குப் போனபோது தாய் சொன்னது இதுதான்: "நாங்க ரெண்டு பேரும் மலைக்குப் போயிட்டா சின்னவன யாரு டீச்சர் பார்க்குறது? பிள்ளக் காம்பராவுல காய்ச்சல்னா எடுக்கமாட்டாங்க." சின்னவனுக்கு அடிக்கடி மார்புச்சளி. அவன் நோயாகும் நாளெல்லாம் அக்காவின் லீவு நாள். இங்கே பிள்ளைக்கு உளவளத்துணை தேவையில்லை. தோட்டத்துச் சேமநல உத்தியோகத்தரோடும், குடும்ப நல மாதுவோடும் பேசினோம். சின்னவனை ஒழுங்காகக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வைத்தோம். பக்கத்து லயத்தில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, காய்ச்சல் நாட்களில் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பிள்ளையின் வரவு முழுமையாகிவிடவில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் என்பது மாதத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது.

இரண்டாவது, வர விரும்பாத பிள்ளை. பாடசாலை மறுப்பு பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் கேர்னி, இத்தகைய பிள்ளைகளின் நடத்தைக்குப் பின்னால் நான்கு நோக்கங்களைப் பிரித்துக் காட்டினார். பாடசாலை தரும் பயம், சோர்வு போன்ற உணர்வுகளிலிருந்து தப்புவது. பரீட்சை, வகுப்பின் முன் பேசுவது போன்ற மதிப்பிடப்படும் தருணங்களிலிருந்து தப்புவது. வீட்டில் முக்கியமான ஒருவரின் கவனத்தைப் பெறுவது. வெளியே கிடைக்கும் சந்தோஷத்தை நாடுவது. நான்காவது வகைக்குக் கண்டிப்பு உதவக்கூடும். முதல் மூன்றுக்கும் கண்டிப்பு நிலைமையை மோசமாக்கும். பயத்தில் வராத பிள்ளையை இன்னும் பயமுறுத்தி வரவைக்க முடியாது.

தரம் 9இல் ஒரு பையன். திங்களும் புதனும் காலையில் வயிற்றுவலி. வைத்தியரிடம் காட்டியும் நோய் எதுவும் இல்லை. நேரசூசியைப் பார்த்தால் அந்த இரண்டு நாட்களிலும் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பாடப் பந்தியை உரக்க வாசிக்கும் பாடம் முதல் பாடவேளையாக இருந்தது. அவனோடு தனியே இருந்து தரம் 3 வாசிப்புப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். ஆரம்ப வகுப்புகளில் தவறிய வாசிப்பை ஆறு வருடங்களாக மறைத்துக்கொண்டே வந்திருக்கிறான். வயிற்றுவலி பொய்யல்ல. பயந்த உடம்புக்கு வயிறு உண்மையாகவே வலிக்கும். பாட ஆசிரியர் நல்லவர். விடயத்தைச் சொன்னதும் அவனை எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்தினார். இடைவேளைக்கு முன் வாரத்தில் மூன்று நாள், 20 நிமிடம், வாசிப்புக்கு ஒதுக்கினோம். இரண்டாம் தவணை முடிவதற்குள் வயிற்றுவலி போய்விட்டது.

2020 மார்ச் முதல் கொரோனாவால் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் நெருக்கடியால் மீண்டும் மூடப்பட்டன. ஸ்மார்ட் தொலைபேசியும் சிக்னலும் இல்லாத தோட்டங்களில் இணையவழி வகுப்பு பெயரளவில்தான் நடந்தது. அந்த வருடங்களில் ஆரம்பப் பிரிவில் இருந்த பிள்ளைகள் இப்போது மேல் வகுப்புகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வாசிப்பை மறைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தே நாங்கள் வேலை செய்ய வேண்டும்.

அடியையும் இங்கே சொல்ல வேண்டும். உடல்ரீதியான தண்டனையைத் தடுத்து 2016இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் பிந்தி வந்த பிள்ளையை வாசலில் வெயிலில் நிறுத்தி வைக்கும் பழக்கம் பல இடங்களில் போகவில்லை. பஸ் பிந்தியதால் பிந்திய பிள்ளை இரண்டு முறை அப்படி நின்றால், மூன்றாம் முறை பஸ் பிந்தும்போது வீட்டுக்கே திரும்பிவிடும். பிந்தியேனும் வந்த பிள்ளையை உள்ளே விடுவது வரவைக் கூட்டச் செலவே இல்லாத வழி.

யுத்தம் முடிந்த பின்னும் முடியாத பயம்

மூன்றாவது, அனுப்பப்படாத பிள்ளை. வறுமையாலும் வேலைக்காகவும் அனுப்பப்படாத பிள்ளைகள் ஒருபுறம். பயத்தால் அனுப்பப்படாத பிள்ளைகள் இன்னொருபுறம். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் இந்த இணையத்தளத்தின் வாசகருக்கு நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

2018 மார்ச்சில் திகனையிலும் சூழவுள்ள இடங்களிலும் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு போடப்பட்டது, பாடசாலைகள் மூடப்பட்டன. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் மே மாதத்தில் பாடசாலைகள் திறந்தபோது நாடு முழுவதும் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர். சில வாரங்களில் பெரும்பாலானோர் வந்துவிட்டனர். நகரத்தில் வாழும் வன்னிக் குடும்பம் ஒன்றின் பிள்ளை மட்டும் வரவில்லை. தரம் 6, கெட்டிக்காரி.

தாயோடு பேசப் பல நாட்கள் எடுத்தது. 2009இல் ஒரு காலைப்பொழுதில் மூத்த மகனைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பியிருக்கிறார். அவன் திரும்பவில்லை. கதவைத் தாண்டிப் போகும் பிள்ளை திரும்பி வராது என்பது அந்தத் தாயின் உடம்பில் எழுதப்பட்டுவிட்டது. பொலிஸ் சோதனை, சைரன் சத்தம், வட்ஸ்அப்பில் வரும் வதந்தி ஒவ்வொன்றும் அவரை அந்தக் காலைப்பொழுதுக்கே கொண்டுபோய்விடும். "நான் அனுப்பாம இல்ல மிஸ், என்ர கால் வாசலுக்கு வருதில்ல" என்றார். கட்டாயக் கல்விச் சட்டத்தை அவருக்கு வாசித்துக் காட்டி என்ன பயன்?

நாங்கள் படிப்படியாகப் போனோம். முதல் வாரம் தாயும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். தாய் வகுப்பறைக்கு எதிரே விறாந்தையில் இருந்தார். இரண்டாம் வாரம் நூலக அறையில். மூன்றாம் வாரம் காலை இடைவேளை வரை மட்டும். பிறகு, இடைவேளையில் அலுவலகத் தொலைபேசியிலிருந்து மகள் ஒரு நிமிடம் பேசினால் போதும் என்ற நிலை வந்தது. ஒரு தவணை முழுவதும் எடுத்தது. இடையில் இரண்டு முறை பின்னுக்குப் போனது. தாயை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் அனுப்பினோம். பிள்ளையின் வரவைத் திருத்தத் தாயின் துயரத்தைத் தொட வேண்டியிருந்தது.

இந்த வழிமுறை வானத்திலிருந்து வந்ததல்ல. வடக்கில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்களும் யாழ்ப்பாணத்தின் சாந்திகம் போன்ற நிறுவனங்களும் யுத்தத்துக்கு நடுவிலேயே ஆசிரியர்களுக்கு அடிப்படை உளவளத்துணைப் பயிற்சி கொடுத்தார்கள். பாடசாலை என்பது பாடம் படிக்கும் இடம் மட்டுமல்ல, சிதறிய வாழ்க்கைக்கு ஒரு நேர ஒழுங்கைத் திருப்பிக் கொடுக்கும் இடம் என்பதை அந்த அனுபவம் காட்டியது. மணி அடிக்கும், கூட்டாளி பக்கத்தில் இருப்பாள், நாளைக்கும் இதே நேரத்துக்கு இதே ஆசிரியர் வருவார். எல்லாம் நிச்சயமற்றுப்போன பிள்ளைக்கு அதுவே பாதி மருந்து.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் கண்டி மாவட்டம் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. அதற்குப் பிறகு, மழை தொடங்கினாலே பிள்ளையைக் கையை விட்டு விடாத தாய்மார் எங்கள் மலைகளிலும் இருக்கிறார்கள். வடக்கின் அனுபவம் கண்டிக்கு இப்போது நேரடியாகவே தேவைப்படுகிறது.

ஆலோசனை ஆசிரியர் செய்யக்கூடியவை

முதலாவது, விரைவு. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாளே ஒரு தொலைபேசி அழைப்புப் போக வேண்டும். மூன்று வாரம் கழித்து எழுதும் கடிதத்துக்குப் பதில் வராது. அந்த அழைப்பில் முதல் வசனம் "ஏன் அனுப்பவில்லை?" என்று இருக்கக்கூடாது. "பிள்ளையைக் காணவில்லை, சுகமா?" என்று இருக்க வேண்டும்.

இரண்டாவது, திரும்பி வரும் நாள். பல நாள் கழித்து வரும் பிள்ளை வகுப்பு வாசலில் நிற்கும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "ஆ, மகாராணி வந்துட்டாங்க" என்ற ஒரு பகிடி போதும், மறுநாள் அந்தப் பிள்ளை வராது. வகுப்பாசிரியரோடு முன்கூட்டியே பேசி, தவறிய குறிப்புகளைக் கொடுக்க ஒரு கூட்டாளியை ஒழுங்கு செய்து வைப்பது ஆலோசனை ஆசிரியரின் வேலை.

மூன்றாவது, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் சாரம் இதுதான்: இடைவிலகும் நிலையில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு. அவர் பிள்ளையின் வரவைத் தவறாமல் பார்ப்பார், பிள்ளையோடு பேசுவார், வருடக்கணக்கில் விடாமல் தொடர்வார். அது ஆலோசனை ஆசிரியராகவே இருக்க வேண்டியதில்லை. விளையாட்டு ஆசிரியர், நூலகர், அலுவலக உதவியாளர் யாராகவும் இருக்கலாம். பிள்ளைக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும்.

நான்காவது, பெற்றோருக்கு எண்ணைச் சொல்வது. பிலடெல்பியா நகரில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பிள்ளை இதுவரை எத்தனை நாள் வரவில்லை என்பதைச் சாதாரணக் கடிதமாகப் பெற்றோருக்கு அனுப்பியதாலேயே, நீண்டகாலம் வராமல் இருக்கும் பிள்ளைகளின் தொகை 10 வீதம் அளவுக்குக் குறைந்தது. பெற்றோர் தங்கள் பிள்ளையின் லீவுகளை எப்போதும் குறைத்தே நினைக்கிறார்கள். எங்கள் தோட்டங்களில் கடிதத்தை விட, பெற்றோருக்குப் புரியும் தமிழில் ஒரு குரல் பதிவு அதிகம் உதவும்.

ஐந்தாவது, இரகசியம். பிள்ளை சொன்னதை ஆசிரியர் அறையில் கதையாக்கினால் அந்தப் பாடசாலையில் ஆலோசனை அன்றோடு முடிந்தது. ஆனால் பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் இரகசியம் காக்க முடியாது என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துஷ்பிரயோகம் பற்றிய சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை அலுவலர் ஆகியோரிடம் போக வேண்டும். உளநல உதவிக்கு 1926 இலக்கம் உண்டு.

ஆறாவது, ஆவணம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது அடையாள அட்டை பற்றிய பேச்சு வரும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத பிள்ளை வெட்கப்பட்டு ஒதுங்கிவிடும். ஆகவே தரம் 8இலேயே யாரிடம் சான்றிதழ் இல்லை என்று பட்டியல் எடுத்து, கிராம உத்தியோகத்தர் மூலம் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

அவரால் முடியாதவை

ஆலோசனை ஆசிரியரால் பஸ் விட முடியாது. சமைத்துப் போட முடியாது. தமிழ்நாட்டில் மதிய உணவுக்கு மேலாக 2022இல் அரசு ஆரம்பப் பாடசாலைகளில் காலை உணவும் தொடங்கினார்கள். பசித்த பிள்ளைக்கு முதல் ஆலோசனை சோறுதான் என்பது அங்கே புரிந்திருக்கிறது. எங்கள் பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவை மையமாகக் கொண்டது. ஆனால் பிள்ளைகள் விலகத் தொடங்குவது அதற்கு மேல் வகுப்புகளில்.

அமெரிக்கப் பாடசாலை ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. எங்களிடம் அப்படி இல்லை. வாரம் முழுவதும் பாடவேளைகளை எடுத்துக்கொண்டு, வராத ஆசிரியரின் வகுப்பையும் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஆலோசனை செய்ய வேண்டும். கதவு மூடக்கூடிய ஓர் அறை கிடைப்பதே பல பாடசாலைகளில் கனவு. விளையாட்டுப் பொருட்கள் குவிந்த மூலையில், ஐந்து பேர் கடந்து போகும் இடத்தில், ஒரு பிள்ளை தன் அப்பாவின் குடியைப் பற்றி எப்படிப் பேசும்?

ஒழுக்காற்றுப் பொறுப்பையும் ஆலோசனைப் பொறுப்பையும் ஒரே ஆசிரியரிடம் கொடுப்பதும் நடக்கிறது. காலையில் தலைமுடி வெட்டச் சொல்லித் திட்டியவரிடம் பிற்பகலில் எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது. இரண்டும் வேறு வேறு ஆட்களிடம் இருக்க வேண்டும். இதற்கு அதிபரின் ஒரு முடிவு போதும். பணம் தேவையில்லை.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

இதை வாசிக்கும் பெற்றோர் கண்டியில் இருந்தாலும் கிளிநொச்சியில் இருந்தாலும், அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இந்தத் தவணையில் பத்து நாளைக்கு மேல் வராத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களின் வீட்டுக்கு யார் போனார்கள்? ஆலோசனை ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை பாடவேளைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன? பிள்ளை தனியே பேச ஓர் அறை இருக்கிறதா?

சங்கத்தில் வழமையாக மதில் கட்டுவது, இல்ல விளையாட்டுப் போட்டி, பழைய மாணவர் நிதி பற்றித்தான் பேசுவோம். அவையும் வேண்டியவைதான். வெளிநாட்டிலிருந்து பாடசாலைக்கு உதவ நினைக்கும் உறவுகளும் கட்டடம், கணினி என்று யோசிக்கிறார்கள். ஒரு கோட்டத்தில் வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வர ஆகும் ஓட்டோச் செலவு, இரண்டாவது சோடி சீருடை, மழைக்காலத்துக்கு ஒரு குடை ஆகியவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் நல்லது. கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாத உதவி அது. ஆனால் தரம் 8இல் விலகவிருந்த ஒரு பிள்ளை தரம் 11 வரை வந்து பரீட்சை மண்டபத்தில் உட்கார அது போதுமாக இருக்கும்.